முதல் கப்பல் சுற்றுலா: சென்னையா, கொச்சியா, சிங்கப்பூரா?

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கடலை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சின்னமுட்டத்திலிருந்து நீரோடி வரை கரையோர ஊர்களுக்குக் கடல்தான் பிழைப்பு. உள்ளே தக்கலை, மார்த்தாண்டம் பக்கமும் மகனோ மருமகனோ கப்பலில் வேலை பார்க்கும் வீடுகள் நிறைய உண்டு. ஆனால் டிக்கெட் எடுத்து, பெட்டியோடு, விருந்தாளியாகக் கப்பலில் ஏறுகிற பழக்கம் இப்போதுதான் நம் பக்கம் வருகிறது. அதனால்தான் உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வி வருகிறது: "எந்தக் கப்பல்ல போனா நல்லது?"

இப்போது கேட்டிருப்பது என் சித்தி. சித்தப்பா பணி ஓய்வு பெற்றிருக்கிறார். மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் கூட வருவார்கள், மருமகன் துபாயில் இருக்கிறார். சித்திக்கு முழங்கால் வலி. இந்தக் குடும்பத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் பல குடும்பங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

நம் ஊரிலிருந்து நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ கோர்டிலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல். திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே பெரிய கப்பல். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் அரசுக் கப்பல். சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் கப்பலையும் சிலர் கேட்கிறார்கள். அது இரண்டு மூன்று நாள் எடுக்கும் போக்குவரத்துக் கப்பல். ஊர் போய்ச் சேரத்தான் அது, சுற்றுலாவுக்கு இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போவதும் நான்கைந்து மணி நேரப் படகுப் பயணம்தான். இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரவை எண்ணாதீர்கள், முழு நாளை எண்ணுங்கள்

விளம்பரங்களில் "2 இரவு 3 நாள்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்த மூன்று நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் மதியம் வரை துறைமுகத்தில் வரிசை, பாதுகாப்புச் சோதனை, அறை கிடைக்கக் காத்திருப்பு. மூன்றாம் நாள் காலை பலகாரம் முடிந்ததும் இறங்கச் சொல்லிவிடுவார்கள். நடுவில் இருக்கும் ஒரு நாள்தான் நமக்கு முழுசாகக் கிடைப்பது.

ஓர் உதாரணத்துக்கு, இரண்டு இரவுப் பயணம் எல்லா வரியும் சேர்த்து ஆளுக்கு 24,000 ரூபாய், மூன்று இரவுப் பயணம் 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலிலிருந்து சென்னை போய்வர, ஒரு ராத்திரி அங்கே தங்க, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் ஆளுக்கு 6,000. முதலாவதில் 30,000 ரூபாய்க்கு ஒரு முழு நாள். இரண்டாவதில் 38,000 ரூபாய்க்கு இரண்டு முழு நாள், அதாவது நாளுக்கு 19,000. சென்னைக்காரருக்கு அந்த 6,000 இல்லை, அவருக்கு இரண்டு இரவு சரிப்பட்டு வரலாம். நமக்குத் துறைமுகம் போய்ச் சேரவே ஒரு நாளும் ஒரு தொகையும் ஆகிவிடுகிறது. எந்தக் கப்பலாக இருந்தாலும் மூன்று இரவுக்குக் குறைந்து போக வேண்டாம் என்பேன்.

நிறுத்தம் எதுவும் இல்லாமல் நடுக்கடலுக்குப் போய்த் திரும்பிவரும் இரண்டு இரவுப் பயணம் ஒன்று உண்டு. விலை குறைவு என்று எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். சின்ன வயதிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் கப்பலுக்குள் இருப்பது மட்டும்தான் புதுசு. அதற்காக எழுநூறு கிலோமீட்டர் ரயிலில் போய்வர வேண்டுமா என்று யோசியுங்கள்.

நம் நாட்டுக் கப்பல்

கோர்டிலியாவின் 'எம்பிரஸ்' 1990-இல் கட்டப்பட்ட கப்பல். ராயல் கரீபியன் நிறுவனத்திடம் நெடுங்காலம் ஓடி, பிறகு இந்தியாவுக்கு வந்தது. 2021-இல் மும்பையிலிருந்தும் 2022-இல் சென்னையிலிருந்தும் பயணிகளோடு கிளம்ப ஆரம்பித்தது. அளவு சுமார் 48,500 கிராஸ் டன் (கப்பலின் உள் கொள்ளளவைச் சொல்லும் அலகு, எடை இல்லை), பதினொரு தளம். புதுக் கப்பல்களோடு வைத்துப் பார்த்தால் சின்னது, பழசும்கூட. சில அறைகளில் குளியலறை ஒருவர் திரும்பத்தான் இடம் தரும்.

சித்தி மாதிரி ஒருவருக்கு அந்தச் சின்ன அளவே ஒரு வசதி. சாப்பாட்டுக்கூடத்திலிருந்து அறைக்கு, அறையிலிருந்து மேல்தளத்துக்கு நடை குறைவு. பணியாளர்களிடம் தமிழிலோ மலையாளத்திலோ இந்தியிலோ ஏதாவது ஒன்றில் பேசிச் சமாளிக்கலாம். காலையில் இட்லி, தோசை கிடைக்கும். சைவம், ஜைன உணவு தனியாக உண்டு. முதல் தடவை போகும் பெரியவர்களுக்கு அந்நியமான இடத்தில் மாட்டிக்கொண்டோமோ என்ற பயம் வராது. இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே ஓடும் பயணம் என்றால் விசாவும் வேண்டாம். இலங்கை போவதாக இருந்தால் பாஸ்போர்ட்டும் அந்த நாட்டு இணைய நுழைவு அனுமதியும் வேண்டும். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று 2023-இல் சென்னையிலிருந்து இலங்கைப் பயணம் தொடங்கியது. எந்த மாதம் எந்த ஊருக்கு என்பது வருடத்துக்கு வருடம் மாறும். நண்பர் போன வருடம் போன வழியை வைத்து முடிவு செய்யாமல் இந்த வருட அட்டவணையைப் பாருங்கள்.

எங்கே ஏறுவது? மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவம் கொந்தளிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கப்பல் சென்னைப் பக்கம் இருக்கும். மற்ற மாதங்களில் மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவு. கொச்சியில் ஏற முடிகிற தேதி கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். காலையில் பரசுராம் எக்ஸ்பிரஸில் ஏறினால் பகலோடு எர்ணாகுளத்தில் இறங்கிவிடலாம். சென்னைக்கு வந்தே பாரத் 2024 ஆகஸ்டிலிருந்து நாகர்கோவிலிலிருந்தே ஓடினாலும் அங்கே சேர ராத்திரி ஆகிவிடும். குழந்தைகளும் மூட்டு வலிக்காரரும் சேர்ந்து போகும்போது இந்த வித்தியாசம் பெரிசு.

எந்த வழியில் போனாலும் கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே துறைமுக ஊரில் இருக்க வேண்டும். ரயில் தாமதமானால் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம், கப்பல் நமக்காக நிற்காது. நாம் பிந்திப் போனால் பணமும் திரும்பாது.

சிங்கப்பூர்: கப்பலே ஊராக இருக்கும்

வெளிநாடு என்றதும் தூரம் என்று நினைக்கிறோம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் எழுபது கிலோமீட்டர் சொச்சம். மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் நாலரை மணி நேரம். சென்னைக்கு ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிடக் குறைவு.

கப்பலின் தரத்தில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. 'ஜென்டிங் டிரீம்' என்ற கப்பல் 2016-இல் கட்டப்பட்டது, ஒன்றரை லட்சம் கிராஸ் டன். எம்பிரஸைப் போல் மூன்று மடங்கு. நீர்ச்சறுக்கு, நாடக அரங்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி இடம் எல்லாம் இருக்கிறது. இந்தியச் சைவ, ஜைன உணவும் கிடைக்கும். ராயல் கரீபியனின் பெரிய கப்பல்களும் பருவத்துக்கேற்ப சிங்கப்பூரிலிருந்து கிளம்புகின்றன. பத்து வயதுப் பிள்ளை ஒன்று கூட வந்தால், அது மூன்று நாளும் அறைக்குத் திரும்பாது.

இன்னொரு நன்மையை விளம்பரத்தில் சொல்வதில்லை, எனக்கு அது முக்கியம். பினாங்கு, போர்ட் கிளாங் என்று மலேசியத் துறைமுகங்களுக்கு மலாக்கா நீரிணையில் போகும் பயணத்தில் இரண்டு பக்கமும் நிலம் அணைத்திருக்கிறது. பெரும்பாலும் அலை அடங்கியே இருக்கும். தலைசுற்றலுக்குப் பயந்தவர்களுக்கு இதைவிட நல்ல முதல் கடல் கிடையாது.

கஷ்டம் காகிதத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் விசா வேண்டும், பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கப்பல் மலேசியா போய்த் திரும்பும்போது நாம் மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைகிறோம். அதனால் கையில் இருப்பது பலமுறை நுழையும் விசாதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வருகை அட்டையை இணையத்தில் இலவசமாகவே நிரப்பலாம், அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் போலி. மலேசியா, தாய்லாந்து விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுக்கும்போது ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் முதலில் அதை முடித்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

வெளிநாட்டுச் சுற்றுலாப் பொதியாக வாங்கினால் வருமான வரிக்கான ஒரு தொகையை முகவர் பிடிப்பார். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். இதற்கு பான் எண் தேவை. யார் பெயரில் பணம் கட்டுகிறோம் என்பதை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள். கணக்குத் தாக்கல் செய்பவர் பெயரில் கட்டுவதுதான் சுலபம்.

லட்சத்தீவு: கடலும் தீவும் வேண்டுமென்றால்

அரசுக் கப்பலில் லட்சத்தீவு போவது வேறு மாதிரியான அனுபவம். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு 'சமுத்திரம்' என்ற பெயரில் நடத்தும் பயணத்தில் இரவில் கப்பலில் தூங்கி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைப் பார்ப்பார்கள். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் மினிக்காயில் இருக்கிறது, மேலே ஏறிப் பார்த்தால் தீவு முழுவதும் தெரியும். அந்தத் தண்ணீரின் நிறத்தை நான் குமரியில் எங்கும் பார்த்ததில்லை. முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் நின்று பழகியவன் சொல்கிறேன்.

ஆனால் கப்பலில் சொகுசுக் கப்பலின் கேளிக்கைகளை எதிர்பார்க்க முடியாது. சாப்பாடு எளிமை. மது கிடையாது, பலருக்கு அது நிம்மதி. அறை இருவர் தங்குவது, நால்வர் தங்குவது என்று இருக்கும். நுழைவு அனுமதி கட்டாயம். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மழைக்காலத்தில் சுற்றுலா நடப்பதில்லை, ஆகவே கோடை விடுமுறையில் ஏப்ரலும் மே முதல் பாதியும்தான் தேறும். தேதிகள் எப்போதும் இருப்பதில்லை. கொச்சி வெலிங்டன் தீவில் இருக்கும் அவர்களுடைய அலுவலகத்தில் விசாரித்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குங்கள்.

நான் தயங்குவது ஒரே ஓர் இடத்தில். தீவை ஒட்டிப் பெரிய கப்பல் பெரும்பாலும் போக முடியாது, பவளப்பாறை இருக்கிறது. வெளியே நங்கூரம் போட்டு, கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சின்னப் படகை அதோடு சேர்த்து நிறுத்துவார்கள். படகு ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் இருவர் நம் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் அந்த நொடிக்குக் காத்திருந்து, "இப்ப!" என்றதும் நாம் கால் வைக்க வேண்டும். தீவு மக்கள் கைக்குழந்தையோடும் கோழிக்கூடையோடும் அனாயாசமாகத் தாண்டுகிறார்கள். இறங்கவும் ஏறவும் பெரும்பாலும் இதே வேலைதான். சித்தியின் முழங்காலுக்கு இது ஒத்துவராது. சொகுசுக் கப்பல் லட்சத்தீவு போனாலும் கரைக்குப் படகில்தான் கொண்டுபோவார்கள். கடல் சரியில்லை என்றால் இறக்காமலே திரும்பிவிடுவதும் உண்டு.

திடமான உடம்புள்ள இளம் தம்பதிக்கு, நண்பர்கள் நாலு பேருக்கு, மூன்றிலும் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

அறை எது, எந்தத் தளம்

ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் உள்ள கடல்பார்வை அறை, பால்கனி அறை என்று விலை ஏறிக்கொண்டே போகும். என் சித்தப்பா வழித் தம்பி ஒருவன் கப்பலில் அறைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறான். அவன் சொல்லும் கணக்கு எளிது: வகையைவிட இடம் முக்கியம். கப்பலின் நீளவாக்கில் நடுவிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு. முனையிலும் உச்சியிலும் அதிகம். அப்புறம், நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழேயும் பாட்டுக்கச்சேரி அரங்குக்கு நேர் மேலேயும் அறை எடுக்கக் கூடாது. விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். தளப் படம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும், அறை எண்ணை அதில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம். "அறை எண்ணைப் பிறகு தருவோம்" என்று விலை குறைத்துத் தரும் டிக்கெட்டில் இந்தத் தேர்வு நம் கையில் இருக்காது.

உள்ளறையில் விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா என்றே தெரியாது. தூங்க அருமை, ஆனால் அறையிலேயே அதிக நேரம் இருக்கப்போகும் பெரியவர்களுக்கு மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். சித்தி சித்தப்பாவுக்கு ஜன்னல் அறை, மகளுக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்திலேயே உள்ளறை. பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தை இன்னொரு இரவுக்குப் போடலாம்.

விலைப்பட்டியலில் பெரிதாகத் தெரியும் தொகை பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கான அடிப்படைக் கட்டணம். துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி சேர்ந்த கடைசித் தொகையைக் கேளுங்கள். இணையம், குளிர்பானம், மது, கரைச் சுற்றுலா, சிறப்பு உணவகம் பெரும்பாலும் தனி. ஏறியதும் ஓர் அட்டை தருவார்கள். அறைச் சாவியும் அதுதான், கப்பலுக்குள் பணமும் அதுதான். பிள்ளைகளின் அட்டையில் செலவை முடக்கச் சொல்லலாம்.

புறப்படும் முன்

கடல் ஒத்துக்கொள்ளுமா என்பதை இங்கேயே ஓரளவு பார்த்துவிடலாம். விவேகானந்தர் பாறைக்குப் படகில் போவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். பூம்புகார் கப்பல் கழகம் வட்டக்கோட்டைப் பக்கம் ஓட்டும் உல்லாசப் படகில் ஒரு தடவை போய் வாருங்கள். சின்னப் படகு பெரிய கப்பலைவிட அதிகமாக ஆடும், அதில் தாங்கினால் கப்பலில் பயமில்லை. தாங்காவிட்டாலும் பயணத்தை விட வேண்டாம், டாக்டரைக் கேட்டு அவோமின் போன்ற மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு போடுவதைவிட முன்கூட்டியே போடுவதுதான் வேலை செய்யும். பிரஷர், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் போட வேண்டாம்.

அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வங்கக் கடல் பயணத்தை நான் எடுக்க மாட்டேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்ததைப் பார்த்த மாவட்டம் இது. பெரிய கப்பல்கள் புயலை ஒதுங்கிப் போகத் தெரிந்தவைதான், ஆனால் வழி மாறும், நிறுத்தம் ரத்தாகும், ஆட்டம் கூடும். முதல் பயணத்துக்கு அது தேவையில்லை.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் இருக்கும் இன்னொன்றில் இருக்காது. எந்த ஆவணத்தைத் துறைமுகத்தில் காட்டப்போகிறோமோ, எழுத்து மாறாமல் அதில் உள்ள பெயரே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். பிறகு திருத்தலாம் என்று விட்டால் கட்டணம் கேட்பார்கள்.

அப்பா வளைகுடாவில், அம்மாவுக்கு லீவு இல்லை, பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு போகிறார்கள் என்றால், பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும். சித்தி வீட்டில் மகள் கூடவே வருவதால் சிக்கல் குறைவு. வெளிநாடு போவதானால் மருமகனிடமிருந்தும் ஒரு கடிதம் வாங்கி வைப்பது நல்லது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையையும், கர்ப்பம் 24 வாரம் தாண்டியவர்களையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். மருந்து, ஆவணம், போன் சார்ஜர், பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடுப்பு கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் காய்ச்சும் கம்பி, மின்கம்பி நீட்டிப்பு எல்லாவற்றையும் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். வீட்டில் செய்த முறுக்கு, அச்சப்பம், மீன் ஊறுகாய்க்கும் அதே கதிதான். ஏறியதும் போனை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த அலைவரிசையில் போன் போய் ஒட்டிக்கொண்டால் பில் பயங்கரமாக வரும். மருத்துவச் செலவும் கப்பலில் அதிகம், பயணக் காப்பீடு எடுக்காமல் பெரியவர்களை ஏற்றாதீர்கள்.

கப்பல் கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். எந்தப் படகுக்கு எந்தப் படிக்கட்டு வழியாகப் போக வேண்டும் என்று காட்டுவார்கள். எல்லோரும் படம் பிடிக்கும் நேரம் அது. சித்தி மெதுவாக நடப்பவர் என்பதால், அந்தப் படிக்கட்டு வரை ஒரு தடவை நடந்து பார்த்துவிட வேண்டும்.

சித்தி குடும்பத்துக்கு நான் சொல்லியிருப்பது இதுதான். கொச்சியில் ஏறி மூன்று இரவுக்குக் குறையாத நம் நாட்டுக் கப்பல், ஜனவரி அல்லது பிப்ரவரியில். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் லீவு சேர்த்தால் பிள்ளைகளுக்கும் ஒத்துவரும். தீவில் இறங்கும் படகு சித்திக்குக் கஷ்டமாக இருந்தால் அவர் கப்பலிலேயே இருந்துகொள்ளலாம், ஜன்னல் அறை அதற்கும்தான். அந்தத் தேதிகளில் கொச்சியில் கப்பல் இல்லையென்றால் சென்னைக்கு அலைய வேண்டாம். விசாவுக்கு ஒரு மாதம் ஒதுக்கி, மே விடுமுறையில் திருவனந்தபுரம் வழியாகச் சிங்கப்பூர். மருமகன் அப்போது லீவில் வருகிறார் என்றால், துபாயிலிருந்து நேராக அங்கேயே வந்து சேர்ந்துகொள்ளலாம். மகள் இன்று இரண்டு தேதிகளுக்கும் கடைசித் தொகையைக் கேட்டு முகவருக்கு எழுதியிருக்கிறாள்.